முடியாதவை பற்றிய கணக்கு

1

மாதத்தின் முதல் வேலை நாளன்று நான் ஒரு ரிப்போர்ட் தயாரிக்கிறேன். தயாரிக்கிறேன் என்பது கொஞ்சம் மிகை. ஒரு பொத்தானை அழுத்துகிறேன், வருகிறது. முந்தைய மாதம் எத்தனை கோப்புகள் வந்தன, எத்தனை முடிந்தன, முடிய சராசரியாக எத்தனை நாட்களாயின, ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் முடிந்தவை நூற்றுக்கு எத்தனை என்பதெல்லாம் ஒரே திரையில் வட்டங்களாகவும் தூண்களாகவும் நிற்கும். கெடு காப்பாற்றப்பட்டிருந்தால் பச்சை. ஆட்டம் கண்டிருந்தால் மஞ்சள். தவறியிருந்தால் சிவப்பு. இதற்கு டாஷ்போர்டு என்று பெயர். குதிரையின் குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மேல் படாமலிருக்க முன்னால் பொருத்திய பலகைக்குத்தான் முதலில் இந்தப் பெயர் இருந்தது. அது மோட்டார் வண்டிக்கு வந்து அளவுகாட்டிகளைத் தாங்கியது. இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு வந்திருக்கிறது. சேற்றைத் தடுக்கும் பழைய உத்தியோகத்தை அது முற்றாக விட்டுவிட்டதா என்பது என் கேள்வி.

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் பலர் என்னைப் போல ஏதாவதோர் அலுவலகத்தில் பகலைக் கழிப்பவர்கள். மாலையில் எழுதுகிறோம். பகலில் செய்வதைப் பற்றி எழுதுவதில்லை. எழுதினாலும் அதன் அலுப்பைத்தான் எழுதுகிறோம். குமாஸ்தாவின் சோகம் என்பது நம் எழுத்தில் ஒரு சௌகரியமான திண்ணையாகவே ஆகிவிட்டது. வேலையின் உள்ளே, அதன் வறட்டு நுணுக்கத்துக்குள்ளேயே, ஒரு தார்மீகப் பிரச்னை கிடக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. ஒரு கோப்பு தோன்ற வைத்தது.

வேலை இதுதான். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அங்குள்ளவர்கள் அனுப்பும் க்ளெய்ம் மனுக்கள் சென்னையில் எங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. மனு வந்தது முதல் பணம் போகிறவரை, அல்லது இல்லை என்ற கடிதம் போகிறவரை, என்னென்ன படிகள், யார் யார் செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே ஒரு படமாக வரையப்பட்டிருக்கிறது. இப்படி வரைவதற்கென்று பல நாடுகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு குறியீட்டு மொழியே உண்டு. 2004ல் அதன் முதல் வடிவம் வந்தது. 2011ல் வந்த இரண்டாம் வடிவம் நிலைபெற்றது. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம். முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை. சாய்சதுரம் வழி பிரியும் இடம். தடித்த கோட்டு வட்டம் முடிவு. மென்பொருள் இந்தப் படத்தைப் படித்து ஒவ்வொரு மனுவையும் அதன் வழியே நகர்த்துகிறது. நகர்த்தும்போது அடிக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறது: எந்தக் கோப்பு, என்ன வேலை, எந்த நேரம். இந்த மூன்றும் போதும். இந்த வரிகளைக் கூட்டியும் கழித்தும் வகுத்தும்தான் என் ரிப்போர்ட் பிறக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கோப்பு எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்று சொல்ல இரண்டு வட்டங்களும் தேவை. தடித்த வட்டத்தைத் தொடாத கோப்புக்கு 'எடுத்துக்கொண்ட நாட்கள்' என்று ஒன்று கிடையாது. ஆகவே சராசரி என்பது முடிந்தவற்றின் சராசரி. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ரிப்போர்ட்டின் வடிகட்டியில் 'முடிந்தவை' என்பது நான் வேலையில் சேர்ந்தபோதே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. நான் அதை மாற்றவில்லை. அவ்வளவுதான்.

2

ஒரு சின்னக் கணக்கு. பத்துக் கோப்புகள். ஒன்பது கோப்புகள் இரண்டிரண்டு நாளில் முடிந்துவிட்டன. பத்தாவது 100 நாளாகக் கிடக்கிறது. கெடு ஐந்து நாள். இன்று ரிப்போர்ட் எடுத்தால் சராசரி 2 நாள். கெடுவுக்குள் முடிந்தவை நூற்றுக்கு நூறு. இந்த நேரத்தில் யாரோ ஒருவர் மனம் வைத்துப் பத்தாவது கோப்பை எடுக்கிறார். காணாமல் போன கடிதத்தைத் தேடிப் பிடிக்கிறார். முடிக்கிறார். இப்போது சராசரி 11.8 நாள். நூற்றுக்கு நூறு, தொண்ணூறாகிறது. பச்சை மஞ்சளாகிறது.

அதாவது, ஒரு மனிதர் காத்துக் கிடந்த 100 நாளும் திரை பச்சையாக இருந்தது. அவர் காத்திருப்பு முடிந்த அன்று அது நிறம் மாறியது. கெடுதல் நடந்துகொண்டிருந்தபோது மௌனம். அது நிவர்த்தியானதும் எச்சரிக்கை. முடியாத கோப்பு யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. முடிப்பவனைத்தான் திரை காட்டிக்கொடுக்கிறது.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு எண்ணும் சரி. கூட்டல் சரி. வகுத்தல் சரி. 'முடிந்தவை' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது, எதையும் மறைக்கவில்லை. பொய் என்பதை உண்மைக்கு மாறான வாக்கியம் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே அப்படி ஒரு வாக்கியமே இல்லை. உண்மையான வாக்கியங்களை வரிசையாக அடுக்கி ஒரு பொய்யான அறையைக் கட்ட முடியும் என்பதை நான் இந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கோப்பை 'மனுதாரரிடமிருந்து தகவல் எதிர்பார்க்கப்படுகிறது' என்ற நிலைக்கு நகர்த்தினால் கெடுவின் கடிகாரம் நின்றுவிடும். நியாயமான ஏற்பாடுதான். அவர் அனுப்பாத காகிதத்துக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம்? ஆனால் காகிதம் வந்து, அதை யாரும் பார்க்காமல் விட்டால் கடிகாரம் நின்றபடியே நிற்கும். காத்திருப்பவர் நாம், காக்க வைப்பவர் அவர். திரையில் அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

நான் சொன்ன கோப்பு அப்படிப்பட்டது. ஒரு மாதம் வந்தவை, முடிந்தவை, மிச்சம் மூன்றும் ஒத்துப்போகவில்லை. ஒன்று உதைத்தது. தேடியபோது கிடைத்தது. கணவனின் ஈமச் செலவுக்காக ஒரு மூதாட்டி போட்டிருந்த மனு. இறப்புச் சான்றிதழ் தெளிவாக இல்லை, வேறு பிரதி வேண்டும் என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். அவர் இரண்டாம் வாரத்திலேயே அனுப்பிவிட்டிருக்கிறார். அது கோப்போடு இணைக்கப்பட்டு, திறக்கப்படாமல், 200 நாட்களுக்கும் மேலாகக் கிடந்தது. கடிகாரம் நின்றிருந்தது.

அந்தப் பிரிவின் சூப்பர்வைசரிடம் போனேன். நல்ல மனிதர். தன் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக மேலே சண்டை போடுபவர். திரையைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார்.

"இந்த மாசம் வேண்டாம் சார். மூணாவது வாரம் முடியப் போகுது. வால்யூமும் கம்மி. இப்ப க்ளோஸ் பண்ணா பர்சென்டேஜ்ல நேரா அடிக்கும். அடுத்த மாசம் மொத வாரத்துல முடிச்சிடலாம். அப்ப வால்யூம் ஜாஸ்தி, கரைஞ்சிடும்."

சரி என்றேன்.

இந்தக் கட்டுரை அந்தச் 'சரி'யைப் பற்றியது. அவர் சொன்னது தப்பு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவருடைய பிரிவில் 12 பேர். அந்த ஆண்டின் சம்பள உயர்வு அந்த நூற்றுவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த 12 பேரையும் அவருக்கு முகம் தெரியும். மூதாட்டியை எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் ஓர் எண். எண்ணுக்காக முகங்களைக் கைவிடக்கூடாது என்று அவர் நினைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

3

இது எங்கள் அலுவலகத்தின் பிரத்யேக நோய் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே அரசு மருத்துவ சேவையில் ஒரு வாக்குறுதி தரப்பட்டது. பொது வைத்தியர் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். 2008ன் முடிவுக்குள் இதை எட்டுவது என்று திட்டம். அதற்கு முந்தைய காலத்தில் ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் இருந்த நாட்டில் இது சாதாரண விஷயமில்லை. காத்திருப்பும் நிஜமாகவே குறைந்தது. அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று அறிய அளவுகோல் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 90 பேர், படுக்காமல் பெற்றவர்களில் 100க்கு 95 பேர், 18 வாரத்துக்குள் பெற்றிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். இரண்டும் முடிந்தவற்றின் கணக்கு. இதன் விளைவை நாம் மேலே பார்த்துவிட்டோம். 18 வாரத்தைத் தாண்டிவிட்ட ஒரு நோயாளியைக் கூப்பிட்டு அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரியின் நூற்றுவீதம் இறங்கும். அவரை அப்படியே விட்டுவிட்டு, 17வது வாரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டால் ஏறும். ஒருவர் கெடுவைத் தாண்டிய கணத்திலிருந்து அவருக்கு வைத்தியம் செய்வது கணக்குக்கு நஷ்டம். யார் அதிகம் காத்திருந்தாரோ அவரே மேலும் காத்திருக்க வேண்டும் என்று எந்த மந்திரியும் உத்தரவு போடவில்லை. வகுத்தல் கணக்கில் கீழே நின்ற எண் போட்டது.

2012ல் மூன்றாவதாக ஓர் அளவு சேர்ந்தது: இன்னும் காத்துக்கொண்டிருப்பவர்களில் 100க்கு 92 பேர் 18 வாரத்தைத் தாண்டாதவர்களாக இருக்க வேண்டும். 2015 ஜூனில் அந்தச் சேவையின் மருத்துவ இயக்குநர் புரூஸ் கியோ, முதல் இரண்டு அளவுகளையும் நீக்கிவிடச் சொன்னார். தலைமை நிர்வாகி சைமன் ஸ்டீவன்ஸ் ஒப்புக்கொண்டார். நெடுநாள் காத்திருந்தவருக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி அதற்காகவே தண்டிக்கப்படக்கூடாது என்பதுதான் காரணம்.

இதில் என்னைத் தொடுவது, இத்தனை புத்திசாலிகள் நிறைந்த ஒரு நாட்டில், இத்தனை எளிய கணக்கு விஷயம் திருத்தப்பட இத்தனை ஆண்டுகளானது என்பது. காரணம் அறியாமை அல்ல என்றே நினைக்கிறேன். அளவைப் படிப்பவர் யாரும் அந்த வரிசையில் நிற்பவர் அல்ல. வரிசையில் நிற்பவர் அந்த அளவைப் படிப்பவர் அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேர்மையான அந்த மூன்றாவது அளவும் 2016ன் தொடக்கத்துக்குப் பிறகு பல ஆண்டுகளாக எட்டப்படவில்லை. சரியான கணக்கு நோயைத் தீர்ப்பதில்லை. நோயை மறைக்காமல் விடுகிறது. அந்த அளவுக்குத்தான் கணக்கிடம் நாம் கேட்க முடியும்.

4

இந்தப் பிரச்னைக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டுமே எனக்குப் போதவில்லை.

ஒன்று, பொறியியல் பதில். 1975ல் இங்கிலாந்து மத்திய வங்கியின் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட், பணக் கொள்கையைப் பற்றிய ஒரு கட்டுரையில், கட்டுப்பாட்டுக்கென்று ஒரு குறியைப் பிடித்துக்கொண்டால் அது அதுவரை காட்டி வந்த உறவு குலைந்துவிடும் என்று சொன்னார். 1997ல் மானுடவியலாளர் மெரிலின் ஸ்ட்ராதர்ன் இதைப் பொதுவாக எல்லா அளவுகளுக்கும் விரித்தார். இன்று அது ஒரு பழமொழியாகிவிட்டது. பழமொழியானதும் நடப்பது நடந்துவிட்டது. அதைச் சொல்லித் தலையாட்டிவிட்டு, இன்னொரு அளவைச் சேர்க்கிறார்கள். அளவு கோணலானால் மாற்று அளவு. அதுவும் கோணலானால் மூன்றாவது. தப்பு கருவியில் இருக்கிறது, கையில் இல்லை என்ற நம்பிக்கை இதன் அடியில் ஓடுகிறது. என் 'சரி' எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை.

இரண்டாவது, நம்முடைய பதில். எழுத்தாளர்களின் பதில். எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஈரமான குரலில் சொல்வது. எண் மனிதனைக் கொன்றுவிடுகிறது, கவிதை மீட்கிறது என்கிற மாதிரியான பேச்சு. இதில் ஒரு பெரிய சோம்பல் இருக்கிறது. மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களை முகம் பார்த்து நடத்த முடியாது. முகம் பார்த்து நடத்திய காலம் நமக்குத் தெரியாததும் அல்ல. முகம் தெரிந்தவன் கோப்பு நகர்ந்தது. மற்றவன் கோப்பு மேஜையின் அடித்தட்டில் பழுப்பேறியது. வரிசை எண் என்ற ஒன்று வந்துதான் சிபாரிசு இல்லாதவனுக்கு ஒரு இடம் கிடைத்தது. எண் ஏழைக்கு எதிரி என்பவர்கள், வரிசையில் நின்றதில்லை, அல்லது வரிசையை மீறிப் போகும் வசதி உள்ளவர்கள்.

எண் குற்றம்சாட்டவும் தெரிந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்கு விளக்கேந்திய பெண்மணி. 1858ல் அவர் வெளியிட்ட படங்கள் நமக்கு ஞாபகம் வருவதில்லை. கிரீமியப் போரில் இறந்த சிப்பாய்களின் கணக்கை மாதத்துக்கு ஓர் ஆப்பாக, வட்டம் சுற்றி வரைந்தார். காயத்தால் இறந்தவர் சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர் நீலம், மற்றக் காரணம் கறுப்பு. எதிரியின் குண்டைவிடச் சாக்கடையும் நெரிசலும் அதிகம் பேரைக் கொன்றன என்பதை அந்த நீலம் பறைசாற்றியது. அந்த நீலத்தில் ஒரு பங்கு, அவரே நர்சுகளுக்குத் தலைமை தாங்கிய ஸ்குடாரி ஆஸ்பத்திரியில் செத்தவர்களுடையது. தன் வீட்டு வாசலில் விழுந்த பிணங்களையும் சேர்த்து எண்ணி, அதற்கு நிறம் பூசி, அதிகாரத்தில் இருந்தவர்கள் முன்னால் வைத்தார்.

அவருடையதும் நிறம் பூசிய படம். என்னுடையதும் நிறம் பூசிய படம். அவர் திரும்பி வராதவர்களை எண்ணினார். நான் வெளியே வந்துவிட்டவர்களை எண்ணுகிறேன். எண்ணுவதா வேண்டாமா என்பதல்ல தார்மீகக் கேள்வி. யாரை எண்ணாமல் விடுவதால் என் கணக்கு அழகாகிறது என்பதுதான்.

5

இதற்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: முடிந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு?

இதை யோசித்த ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். என் திரையின் பூர்வீகத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பெர்னாண்டோ ஃப்ளோரஸ் சிலி நாட்டு இளம் பொறியியலாளர். அயெந்தே அரசு தேசியமயமாக்கிய தொழிற்சாலைகளை எப்படி நடத்துவது என்ற பிரச்னையோடு 1971ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் பீருக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்தது சைபர்சின் திட்டம். தொழிற்சாலைகளிலிருந்து டெலக்ஸ் வழியே தினசரி எண்கள் வரும். ஒரு கம்ப்யூட்டர் அவற்றில் இயல்புக்கு மாறானதைக் கண்டுபிடிக்கும். சாண்டியாகோவில் ஏழு சுழல் நாற்காலிகள் போட்ட ஓர் அறை. கைப்பிடியில் பொத்தான்கள், சுவரில் திரைகள், காகிதம் கிடையாது. இன்றைய டாஷ்போர்டுகளின் முன்னோடி என்று அந்த அறையைச் சொன்னால் தவறில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். எண் கோணலானால் சேதி முதலில் அந்தத் தொழிற்சாலைக்கே போகும். சரி செய்துகொள்ள அவகாசம் தரப்படும். அதற்குள் சரியாகாவிட்டால்தான் மேலே போகும். யாரைப் பற்றிய எண்ணோ அவரே முதல் வாசகர் என்பது வடிவமைப்பிலேயே இருந்தது. அறை முழுப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. 1973 செப்டம்பர் 11ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமைச்சராகியிருந்த ஃப்ளோரஸ் மூன்றாண்டுகள் சிறையில் கிடந்தார்.

1976ல் விடுதலையாகி அமெரிக்கா போனார். அங்கே ஹைடெக்கரையும், சொல்வதே ஒரு செயல் என்று வாதிட்ட ஆஸ்டினையும் சேர்லையும் படித்தார். டெரி வினோகிராட் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானியோடு சேர்ந்து 1986ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அலுவலகம் என்பது தகவல்கள் ஓடும் குழாய் அல்ல, மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்குகளின் பின்னல் என்பது அவர்கள் கட்சி. ஒருவர் கேட்கிறார். மற்றவர் செய்வதாக ஒப்புக்கொள்கிறார். செய்கிறார். செய்துவிட்டேன் என்கிறார். இதோடு முடியவில்லை. கேட்டவர் எனக்குத் திருப்தி என்று சொன்னால்தான் முடிகிறது. கடைசிச் சொல் கேட்டவருடையது. இந்த அடிப்படையில் தி கோஆர்டினேட்டர் என்ற மென்பொருளும் 80களில் வந்தது.

அது மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் வரலாறு. ஒரு சேதி அனுப்ப வேண்டுமென்றால், இது வேண்டுகோளா, வாக்குறுதியா, மறுப்பா என்று அதற்கு முத்திரை குத்த வேண்டியிருந்தது. மனிதப் பேச்சு அவ்வளவு சட்டென்று பெட்டிக்குள் அடங்குவதில்லை. இப்படி வகை பிரிப்பதே ஓர் ஆதிக்கம், அதற்கும் அரசியல் உண்டு என்று லூசி சச்மன் 1994ல் கடுமையாக விமர்சித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாக்கு என்பதைக் கட்டாயமாக எழுதி வாங்கினால் அது வாக்காக இருப்பதில்லை.

ஆனால் நடந்தது என்ன? அந்த வாதத்தின் கடுமையான பகுதி மட்டும் பிழைத்துக்கொண்டது. முத்திரைகள் இருக்கின்றன: ஒப்படைக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, நிறுத்திவைக்கப்பட்டது, முடிந்தது. கெடு இருக்கிறது. கடிகாரம் இருக்கிறது. யாருக்கு வாக்குக் கொடுத்தோமோ அவர் மட்டும் கிளம்பிப் போய்விட்டார். என் படத்தில் தடித்த வட்டத்தை வரைந்தது நாங்கள். அதை ஒரு கோப்பு தொட்டதா என்று சொல்வதும் நாங்கள். இப்போது முடிந்தபின் மனுதாரரிடம் நட்சத்திரம் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறோம். அதையும் சராசரி எடுத்து இன்னொரு வட்டமாக வைத்திருக்கிறோம். முடியாத கோப்புக்காரரிடம் நட்சத்திரம் கேட்பதில்லை.

வாக்கு என்பது இன்னாருக்கு என்று கொடுக்கப்படுவது. 'நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு' என்று ஒரு வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு சாமான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தேறியது என்று சொல்லலாம். வாக்குக்கு அந்தப் பேச்சில்லை. ஐந்து பேருக்குத் தவறிய வாக்கு, அந்த ஐவரில் ஒவ்வொருவருக்கும் முழுதாகத் தவறிய வாக்கு. மற்றத் தொண்ணூற்றைந்து பேரின் திருப்தி அதில் ஒரு துளியும் கலக்காது. நூற்றுவீதம் அதைக் கலக்கிக் காட்டுகிறது. வாக்கைச் சரக்காக்குகிறது. அன்று சூப்பர்வைசர் சொன்ன 'கரைஞ்சிடும்' என்ற சொல் இதைத்தான் சொன்னது. எங்கள் வேலையின் உட்பொருளை அத்தனை துல்லியமாகச் சொன்ன வேறு சொல்லை நான் கேட்டதில்லை. கடனைக் கரைக்க முடியாது. அடைக்கலாம், அல்லது அடைக்காமல் இருக்கலாம்.

அப்படியானால் ஐந்து பேருக்குத் தவறவே கூடாதா, அது சாத்தியமா என்று கேட்கலாம். சாத்தியமில்லை. தவறும். ஆனால் தவறிய வாக்குக்கு ஒரு நடத்தை உண்டு. கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டும். எப்போது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் தவறியதைத் தெரிவிப்பது மேலிடத்துக்கு. தவறு யாருக்கு நேர்ந்ததோ அவருக்குத் தெரிவிக்கும் செவ்வகம் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

6

அதன்பிறகு ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். முடியாத கோப்புகளில் மிகப் பழையது எது, அதன் வயது எத்தனை நாள். சராசரி அல்ல. நூற்றுவீதம் அல்ல. ஒரே ஒரு கோப்பு, ஒரே ஓர் எண். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வடிகட்டியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். நின்ற கடிகாரத்தைப் பார்க்காமல், மனு வந்த தேதியிலிருந்து நாள் எண்ணும்படி செய்தேன். காத்திருப்பவருக்குக் கடிகாரம் நின்றதில்லை.

இரண்டு மாதம் அது முதல் பக்கத்தில் இருந்தது. அந்த வரிக்கு நிறம் கிடையாது. என்ன எண் வந்தால் பச்சை என்று யாரும் தீர்மானிக்கவில்லை. நிறமில்லாததால் அது பார்ப்பவர்களைத் தொந்தரவு செய்தது என்று நினைக்கிறேன். இது என்ன, இதற்கு இலக்கு என்ன என்று கூட்டத்தில் கேட்டார்கள். இலக்கு இல்லை, இது ஒரு மனிதர் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நானே மேலே கேலி செய்த ஈரமான குரல் அது. மூன்றாம் மாதம் அந்த வரி இரண்டாம் பக்கத்துக்குப் போனது. இன்னும் இருக்கிறது. சிலர் பார்க்கிறார்கள். அந்தச் சூப்பர்வைசர் பார்க்கிறார். ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட் போவதற்கு முன்பே என்னைக் கேட்கிறார். இது ஒரு வெற்றி என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த எண் சின்னதாகிவிட்டால் அதற்கும் ஒருநாள் கெடு வைத்துப் பச்சை பூசுவார்கள். பூசிய அன்றிலிருந்து அந்த மிகப் பழைய கோப்பை எந்த நிலையில் ஒளித்துவைப்பது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிப்பவன் நானாகவும் இருக்கலாம். எனக்குத்தான் அந்த மென்பொருள் நன்றாகத் தெரியும்.

ஆகவே அளவைத் திருத்திவிட்டதாக நான் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதுகிறவன் தன் ரிப்போர்ட்டுக்கு வெளியே நின்று, அதில் இல்லாதவரைப் பற்றி மாதம் ஒருமுறையாவது நினைக்கக் கடமைப்பட்டவன் என்று மட்டும் சொல்கிறேன். இதைச் செய்யச் சொல்லும் செவ்வகத்தை எந்தப் படத்திலும் வரைய முடியாது. வரைந்தால் அதையும் அமுக்கி முடித்துவிடுவோம்.

அந்த மூதாட்டியின் கோப்பு அடுத்த மாதம் முதல் வாரத்தில் முடிந்தது. பிரதியைத் திறந்து பார்த்துச் சரி என்று குறிக்கப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பணம் போனது. கூடவே தாமதத்துக்கு வருந்துகிறோம் என்ற அச்சடித்த வாக்கியத்தோடு ஒரு கடிதம் போனது. எந்தத் தாமதம், அதில் கடைசிச் சில நாட்கள் எதற்காக, யார் 'சரி' சொன்னதால் என்று அவருக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

சூப்பர்வைசர் சொன்னபடியே கரைந்துவிட்டது. அந்த மாத ரிப்போர்ட்டை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். எல்லாம் பச்சை. அதில் ஒரு பிழையும் இல்லை.